நினைவக மீட்புப் புள்ளிவிவரம்: கர்னல் எந்த எண்ணை, எப்படிக் காட்ட வேண்டும்?

ஒரு சர்வரின் கண்காணிப்புத் திரையில் பிஜிஸ்கேன் (விடுவிக்கலாமா என்று கர்னல் பரிசோதித்த நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கை) வரைகோடு திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. நொடிக்கு 2 லட்சம் பக்கங்கள். இது ஆபத்தா?

அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. வேகமான டிஸ்க்கில் பெரிய கோப்புகளை பேக்அப் எடுக்கும்போது இந்த எண் சர்வசாதாரணமாக வரும். யாருக்கும் எந்த இடைஞ்சலும் இருக்காது. டேட்டாபேஸ் திணறி, ஒவ்வொரு கோரிக்கையும் நொடிக்கணக்கில் காத்துக் கிடக்கும்போதும் இதே எண் வரும். எண் பொய் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கான பதில் அது என்பதுதான் தெளிவாக இல்லை. இந்தத் தெளிவின்மை எங்கிருந்து வருகிறது, புதிய கவுன்ட்டர் ஒன்றைச் சேர்ப்பவர் அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதை லினக்ஸ் கர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையக்கருவை, வைத்துப் பார்க்கலாம்.

## மீட்பு என்றால் என்ன

கர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகக் கையாள்கிறது. எக்ஸ்86 இயந்திரங்களில் ஒரு பக்கம் 4 கிபிபைட். சில ஆர்ம் இயந்திரங்களில் 16 அல்லது 64 கிபிபைட். காலியாகக் கிடக்கும் ரேமால் பயனில்லை என்பதால், படித்த கோப்புகளையெல்லாம் கர்னல் கேஷாக வைத்துக்கொள்கிறது. யாராவது புதிதாக இடம் கேட்டால், பழைய பக்கங்களில் சிலவற்றை விடுவித்துத் தர வேண்டும். இதுதான் மீட்பு.

எல்லாப் பக்கங்களும் ஒரே விலைக்கு மீள்வதில்லை. டிஸ்க்கில் உள்ளபடியே இருக்கும் கோப்புப் பக்கத்தை அப்படியே கைவிடலாம். மாற்றம் செய்யப்பட்டு இன்னும் எழுதப்படாத பக்கத்தை முதலில் எழுத வேண்டும். நிரலின் ஹீப், ஸ்டாக் போன்ற கோப்பில்லாப் பக்கங்களை ஸ்வாப்புக்குத்தான் அனுப்ப முடியும்.

மீட்பு எப்போது தொடங்கும் என்பதை மூன்று மட்டக்குறிகள் தீர்மானிக்கின்றன. மின் (குறைந்தபட்சம்), லோ (குறைவு), ஹை (அதிகம்) என்ற அந்த மூன்றையும், ஸோன் எனப்படும் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும், ஸோன்இன்ஃபோ கோப்பில் பார்க்கலாம்.

1. காலிப் பக்கங்கள் லோ மட்டத்துக்குக் கீழே இறங்கினால், கேஸ்வாப்டி என்ற பின்னணித் திரெட் எழுப்பப்படும். இடம் கேட்ட நிரல் நிற்பதில்லை. தன் பக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விடும்.
2. ஹை மட்டம் வரை மீட்டுவிட்டு கேஸ்வாப்டி உறங்கப் போகும்.
3. கேஸ்வாப்டியின் வேகம் போதாமல் மின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், இடம் கேட்ட நிரலே நின்று மீட்பு வேலையைச் செய்ய வேண்டும். இது நேரடி மீட்பு. பயனர் உணரும் தாமதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.
4. அதிலும் எதுவும் தேறாவிட்டால், நினைவகம் தீரும்போது இயங்கும் ஓஓஎம் கில்லர் ஏதேனும் ஒரு ப்ராசஸைக் கொல்லும்.

முதல் படியும் மூன்றாம் படியும் பக்கங்களின் பட்டியலில் செய்யும் வேலை ஒன்றே. அதற்கு விலை கொடுப்பவர் மட்டும் வேறு. பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி, பிஜிஸ்கேன்_டைரக்ட் என்று கவுன்ட்டர்கள் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். லினக்ஸின் பழைய முடிவுகளில் மிகச் சரியான ஒன்று. ஸ்கேன் என்பது பரிசோதித்த பக்கங்கள். பிஜிஸ்டீல் என்ற இணைக் கவுன்ட்டர்களில் வரும் ஸ்டீல் என்பது உண்மையில் விடுவித்தவை.

## நிலையும் குவிப்பும்

கர்னல் காட்டும் எண்கள் இரண்டு வகை. இப்போது எவ்வளவு காலி என்பது நிலை, ஏறும், இறங்கும். இயந்திரம் தொடங்கியதிலிருந்து எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது என்பது குவிப்பு. ஏற மட்டுமே செய்யும்.

மீட்பைப் பொறுத்தவரை கர்னல் குவிப்பைத் தருவதே நல்லது. ‘நொடிக்கு இத்தனை’ என்று கர்னலே வகுத்துக் கொடுத்தால், எந்த நொடிக்கு என்ற கேள்வி வந்துவிடும். ஒருவர் 1 நொடிக்கு ஒருமுறை படிக்கிறார், இன்னொருவர் 60 நொடிக்கு ஒருமுறை. குவிப்பைக் கொடுத்தால் இருவரும் தத்தம் இரு வாசிப்புகளைக் கழித்துத் தமக்கு வேண்டிய வேகத்தைப் பெறுவார்கள். நடுவே ஒரு வாசிப்பு தவறினாலும் மொத்தம் கெடாது. படித்தவுடன் பூஜ்யமாகும் கவுன்ட்டரை வடிவமைப்பது பெரும்பிழை. இரண்டாவது கருவி ஒன்று ஓடத் தொடங்கிய கணமே இரண்டுக்கும் பாதிப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

## அருகில் சென்று பார்த்தால்: பிஜிஸ்கேன் குடும்பம்

நினைவகக் கவுன்ட்டர்களைக் கர்னல் காட்டும் விஎம்ஸ்டாட் கோப்பில் பிஜிஸ்கேன் என்று தொடங்கும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சின்ன எண்கள்:

பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி 900
பிஜிஸ்கேன்_டைரக்ட் 100
பிஜிஸ்கேன்_டைரக்ட்_த்ராட்டில் 7
பிஜிஸ்கேன்_அனான் 300
பிஜிஸ்கேன்_ஃபைல் 700

மொத்தம் எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது? முன்னொட்டைப் பிடித்து எல்லாவற்றையும் கூட்டும் ஸ்கிரிப்ட் 2007 என்று சொல்லும். சரியான விடை 1000. இங்கே இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, கேஸ்வாப்டியும் டைரக்டும் ‘யார் ஸ்கேன் செய்தது’ என்ற பிரிப்பு. அனானும் (கோப்பில்லாப் பக்கம்) ஃபைலும் (கோப்புப் பக்கம்) ‘எவ்வகைப் பக்கம்’ என்ற பிரிப்பு. ஒரே 1000 பக்கங்கள் இரண்டு விதமாக வெட்டிக் காட்டப்பட்டுள்ளன. பெயரைப் பார்த்தால் இது தெரியாது. இரண்டாவது, த்ராட்டில் வரி பக்கங்களை எண்ணுவதே இல்லை. நேரடி மீட்புக்கு வந்த டாஸ்க்குகள் (ஓடும் நிரல்கள்) எத்தனை முறை தடுத்து நிறுத்தப்பட்டன என்பதை எண்ணுகிறது. அலகே வேறு. ஆனால் பெயர் பக்கக் கவுன்ட்டரின் பிள்ளை போல அமைந்துவிட்டது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஒரு கன்டெய்னர் தன் நினைவக வரம்பைத் தொட்டதால், அதற்குள்ளேயே 400 கோப்புப் பக்கங்கள் ஸ்கேன் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகக் கர்னல் நிரலில் இருந்துவரும் ஏற்பாட்டின்படி, வரம்பு காரணமாக நடக்கும் மீட்பு கேஸ்வாப்டி, டைரக்ட் வரிகளில் இயந்திர அளவில் சேர்க்கப்படுவதில்லை. அந்தந்த சிகுரூப்பின் (வரம்பு வைக்கப்பட்ட ப்ராசஸ் குழுவின்) மெமரி.ஸ்டாட் கோப்பில்தான் சேரும். ஆனால் அனான், ஃபைல் வரிகளில் சேர்ந்துவிடும். ஆகவே ஃபைல் 1100 ஆகும், இரண்டாம் வெட்டின் கூட்டுத்தொகை 1400 ஆகும், முதல் வெட்டு 1000-லேயே நிற்கும். இரண்டும் பொருந்தவில்லையே என்று கர்னலில் பிழை தேடப் புறப்படுவோர் உண்டு. பிழை அங்கில்லை. ஒரே முன்னொட்டுக்குள் இரண்டு வேறு எல்லைகள் குடியிருக்கின்றன.

பெயரிடலுக்கான விதிகளை இதிலிருந்தே எடுக்கலாம்: வெவ்வேறு கோணத்தில் வெட்டிய எண்களுக்கு ஒரே முன்னொட்டு வைக்கக் கூடாது, முறைகளை எண்ணும் கவுன்ட்டரைப் பக்கங்களை எண்ணும் கவுன்ட்டரின் நீட்சியாகப் பெயரிடக் கூடாது, ஒரே குடும்பத்தில் உள்ளவை ஒரே எல்லையை அளக்க வேண்டும்.

## அலகு

விஎம்ஸ்டாட் பெரும்பாலும் பக்கங்களில் பேசும். இயந்திரத்தின் நினைவக நிலையைக் காட்டும் மெமின்ஃபோ கோப்பு கேபி என்று அச்சிடும். உண்மையில் அது 1024 பைட். மெமரி.ஸ்டாட் நினைவக அளவுகளைப் பைட்டுகளில் தரும்; அதே கோப்பில் பிஜிஸ்கேன் போன்றவை வெறும் எண்ணிக்கைகள்.

குழப்பத்தின் உச்சம், டிஸ்க்கிலிருந்து படித்த அளவைச் சொல்லும் பிஜிபிஜிஇன். பெயரில் இரண்டு முறை ‘பக்கம்’ வருகிறது, தருவதோ கிபிபைட். உள்ளே 512 பைட் செக்டர்களாக எண்ணி, வெளியே காட்டும் நேரத்தில் 2 ஆல் வகுக்கிறார்கள். 32 பிட் இயந்திரத்தில் இதற்கு இன்னொரு பின்விளைவு உண்டு. உள்ளிருக்கும் கவுன்ட்டர் 2^32-ல் சுற்றித் திரும்பும்போது, வகுக்கப்பட்டு வெளியே தெரியும் எண் 2^31-ஐத் தாண்டாமலே பூஜ்யத்துக்கு வந்துவிடும். 32 பிட் சுற்று என்று நினைத்து வித்தியாசத்தைச் சரிசெய்யும் கருவி அந்த இடத்தில் 2 டெபிபைட் அளவுக்கு இல்லாத வாசிப்பைக் காட்டும். கவுன்ட்டரை வெளியே தரும் முன் அதன்மீது வகுத்தல் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

புதிய இடைமுகம் என்றால் பைட்டில் கொடுப்பதே பாதுகாப்பு. பக்க அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், பைட் மாறாது.

## துல்லியத்துக்கு ஒரு விலை உண்டு

ஒவ்வொரு பக்கம் நகரும்போதும் எல்லா சிபியுக்களும் ஒரே மாறியில் எழுதினால், அந்த கேஷ் வரிக்கான போட்டியே கர்னலை முடக்கிவிடும். அதனால் ஒவ்வொரு சிபியுவும் தன் சிறு வித்தியாசத்தைத் தனியே வைத்துக்கொண்டு, ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே பொது எண்ணில் சேர்க்கிறது. அந்த வரம்பின் உச்சம் 125 பக்கங்கள். 64 சிபியு, 64 ஜிபிபைட் ரேம் உள்ள ஒரு ஸோனுக்கு உச்ச வரம்பே பொருந்தும். 64 × 125 = 8000 பக்கங்கள், அதாவது 31.25 மெபிபைட் வரை ஒரு கவுன்ட்டர் கூடவோ குறையவோ பிசகியிருக்கலாம்.

காலிப் பக்கங்கள் மின் மட்டத்தை நெருங்கும் நேரத்தில் 31 மெபிபைட் சிறு தொகை அல்ல. அதனால்தான் கர்னல் தன் சொந்த முடிவுகளில், காலிப் பக்கங்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் சிபியு வாரியாகக் கூட்டித் துல்லிய எண்ணை எடுத்துக்கொள்கிறது. வெளியே இருந்து படிப்பவருக்கும் வழி உண்டு: சிஸ்கன்ட்ரோலின் விஎம் பிரிவில் உள்ள ஸ்டாட்_ரிஃப்ரெஷ் கோப்பைத் தொட்டால் தேங்கிய வித்தியாசங்கள் சேர்க்கப்படும். நொடிக்கு நொடி அதைச் செய்யக் கூடாது. எல்லா சிபியுக்களையும் அது தட்டி எழுப்பும்.

சிகுரூப் எண்கள் மரமாக மேல்நோக்கிச் சேர வேண்டியவை என்பதால் அங்கே தாமதம் இன்னும் கூடுதல். பின்னணியில் 2 நொடிக்கு ஒருமுறை சேர்க்கிறார்கள். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை மெமரி.ஸ்டாட் படித்து வரையும் நுணுக்கமான கோடு இந்தச் சேர்ப்பின் தாளத்தையே காட்டக்கூடும்.

## உழைப்பும் பாதிப்பும்

ஸ்கேனும் ஸ்டீலும் கர்னல் எவ்வளவு உழைத்தது என்பதைச் சொல்கின்றன. படிப்பவருக்கு வேண்டியது, அதனால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பது. மீட்புப் புள்ளிவிவர வடிவமைப்பின் நடுநாயகமான சிக்கல் இதுவே.

முதலில் வந்த விடை, மீட்பின் திறனை அளப்பது. சார் என்ற கண்காணிப்புக் கருவி தரும் விஎம்எஃப் சதவீதம் இந்த வகை: ஸ்டீலை ஸ்கேனால் வகுப்பது. 2013-ல் சேர்ந்த விஎம்பிரஷர் இதையே கர்னலுக்குள் செய்தது. 512 பக்கங்கள் ஸ்கேன் ஆனதும் எத்தனை மீளவில்லை என்று பார்த்து, 60 சதவீதத்தைத் தொட்டால் நடுத்தரம், 95-ஐத் தொட்டால் நெருக்கடி என்று அறிவிக்கும்.

இது எங்கே தவறுகிறது என்று பாருங்கள். நினைவகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறைப் பக்கங்கள். அவை டிஸ்க்கில் உள்ளபடியே இருப்பவை என்பதால் ஸ்கேன் செய்த ஒவ்வொன்றும் உடனே மீள்கிறது. திறன் 100 சதவீதம். அழுத்தம் குறைவு என்று அறிவிப்பு. அடுத்த கணமே அந்த நிரல்கள் அதே பக்கங்களை டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுக்கின்றன. இயந்திரம் நகராமல் நிற்கிறது. அளவி பச்சை காட்டுகிறது.

இந்தக் குருட்டுப் புள்ளியை மூட இரண்டு பொருள்கள் வந்தன.

1. ரீஃபால்ட். பக்கத்தை வெளியேற்றும்போது அதன் இடத்தில் ஒரு சிறு அடையாளத்தைக் கர்னல் விட்டுவைக்கிறது. அதே பக்கம் திரும்பி வந்தால், வெளியே எவ்வளவு காலம் இருந்தது என்பதை அடையாளம் சொல்லிவிடும். வொர்க்கிங்செட்_ரீஃபால்ட் திரும்பி வந்த எல்லாவற்றையும் எண்ணும். வொர்க்கிங்செட்_ஆக்டிவேட் அவற்றில் சீக்கிரமே திரும்பியவற்றை, அதாவது வெளியேற்றியிருக்கவே கூடாதவற்றை, எண்ணும். பேக்அப் படித்துவிட்டுப் போன பக்கங்கள் திரும்பி வருவதில்லை. தொடக்கத்தில் பார்த்த இரண்டு சர்வர்களையும் பிரித்துக் காட்டுவது இந்த வரிதான்.

2. பிஎஸ்ஐ எனப்படும் அழுத்தக் கணக்கு. 2018 இறுதியில் லினக்ஸ் 4.20-ல் ஜோஹன்னஸ் வைனரின் உழைப்பில் சேர்ந்தது. இது பக்கங்களை எண்ணாமல் நேரத்தை எண்ணுகிறது. ‘சம்’ (சில) வரி, குறைந்தது ஒரு டாஸ்க்காவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரம். ‘ஃபுல்’ (முழு) வரி, வேலை இருந்த எல்லா டாஸ்க்குகளும் ஒரே சமயத்தில் காத்திருந்த நேரம். 10, 60, 300 நொடிச் சராசரிகளோடு, ‘டோட்டல்’ என்ற மைக்ரோநொடிக் குவிப்பும் உண்டு.

அந்த டோட்டல் புலத்தைச் சேர்த்தது முக்கியமான முடிவு. சராசரி மனிதர் ஒரு பார்வையில் படிக்க. குவிப்பு கருவி தன் இடைவெளிக்கு ஏற்பக் கழித்துக்கொள்ள. கூடவே லினக்ஸ் 5.2 முதல், பிஎஸ்ஐயின் கோப்பில் ‘சம் 150000 1000000’ என்று எழுதிவிட்டு, ‘போல்’ எனும் கர்னல் அழைப்பில் காத்திருக்கலாம்: எந்த 1 நொடிச் சாளரத்திலும் 150 மில்லிநொடிக்கு மேல் தேக்கம் வந்தால் கர்னல் எழுப்பும். ஓயாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பை மூடுவது என்று தீர்மானிக்கும் எல்எம்கேடி 10-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் நம்புகிறது.

நேரத்தை அளப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 6.1-ல் பல தலைமுறை எல்ஆர்யு (எல்ஆர்யு என்பது நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை முதலில் வெளியேற்றும் முறை) வந்து பட்டியல்களின் அமைப்பையே மாற்றியது. ஸ்கேன் எண்ணின் பொருள் மீட்பு வழிமுறையோடு சேர்ந்து நகரும். ‘இந்த டாஸ்க் 40 மில்லிநொடி காத்திருந்தது’ என்பதன் பொருள் நகராது.

## கணக்கைக் கர்னல் போடலாமா?

குவிப்பை மட்டும் கொடு, வகுத்தலை வெளியே விடு என்பது பொது விதி. எவ்வளவு நினைவகம் கிடைக்கும் என்று மெமின்ஃபோவில் சொல்லும் மெம்அவெய்லபிள் நியாயமான விதிவிலக்கு. 2014-ல் 3.14-ல் இது வரும்வரை காலியையும் கேஷையும் கூட்டியே ‘கிடைக்கக்கூடியது’ என்று கருவிகள் காட்டிவந்தன. கேஷில் டெம்ப்எஃப்எஸ் (ரேமிலேயே வாழும் கோப்பு முறைமை) பக்கங்களும் அடக்கம். அவற்றைச் சும்மா கைவிட முடியாது. இப்போது கர்னல், தனக்கென ஒதுக்கிவைத்த கையிருப்பு போக உள்ள காலியை எடுத்து, கோப்புப் பட்டியல்களில் உள்ளதைச் சேர்க்கிறது. அதில் பாதி, அல்லது லோ மட்டங்களின் கூட்டுத்தொகை, எது சிறிதோ அதைக் கழித்துவிடுகிறது. 6000 மெபிபைட் கோப்புப் பக்கம், லோ மொத்தம் 100 மெபிபைட் என்றால் சேர்வது 5900. மீட்கக்கூடிய ஸ்லாபுக்கும் (கர்னலின் சொந்தச் சிறு பொருள்களுக்கான நினைவகம்) இதே கணக்கு.

சூத்திரம் கர்னலின் உள் அமைப்பைச் சார்ந்திருக்கிறது. அமைப்பு மாறும்போது சூத்திரமும் மாற வேண்டும். அப்படிப்பட்டது கர்னலில்தான் இருக்க வேண்டும். ஸ்டீலை ஸ்கேனால் வகுப்பது யாரும் செய்யக்கூடியது. அதை வெளியே விடலாம்.

## புதிய எண் சேர்க்கும் முன்

1. இந்த எண்ணைப் பார்த்து யார் என்ன முடிவு எடுப்பார்? பதில் ‘கர்னல் உருவாக்குநர் பிழை தேடுவார்’ என்றால் அதற்கு இடம் டீபக்எஃப்எஸ் அல்லது டிரேஸ்பாயின்ட் (இரண்டும் பிழை தேடுவதற்கான கர்னல் வசதிகள்). விஎம்ஸ்டாட் போன்ற கோப்புகள் இருக்கும் ப்ராக் அடியில் வைத்தால் அது காலவரையற்ற வாக்குறுதி. டிரேஸ்பாயின்ட்கூட முழு விடுதலை தருவதில்லை. மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவி நம்பியிருந்த புல அமைப்பை மாற்றியபோது அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது.

2. எல்லை எது? இயந்திரம் முழுமையா, நோடா (சில சிபியுக்களும் அவற்றுக்கு அருகில் உள்ள ரேமும் சேர்ந்த தொகுதி), சிகுரூப்பா. சிகுரூப் என்றால் பிள்ளைகளும் சேர்த்தியா? சிகுரூப்பின் நினைவக நிகழ்வுகளைக் காட்டும் மெமரி.ஈவென்ட்ஸ் முதலில் தன்னை மட்டும் எண்ணியது. 5.2-ல் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணும்படி மாறியது. பழையதை நம்பியவர்களுக்காகத் தனியாக ஒரு லோக்கல் கோப்பும், மவுன்ட் விருப்பமும் தர வேண்டியிருந்தது. முதல் நாளே தீர்மானித்திருந்தால் மிச்சமாகியிருக்கும் வேலை.

3. யார் தூண்டியது? மெமரி.ரீக்ளெய்ம் கோப்பில் ‘512எம்’ என்று எழுதி நிர்வாகியே முன்கூட்டி மீட்கச் செய்யும் வசதி 5.19-ல் வந்தது. நெருக்கடியே இல்லாத அந்த மீட்பு சிகுரூப்பின் டைரக்ட் வரியில் போய்ச் சேர்ந்தது. வரைகோடு ஏற, அபாய மணி அடித்தது. பிறகுதான் ப்ரோஆக்டிவ் என்று தனி வரிகள் சேர்ந்தன. மீட்பைத் தூண்ட ஒரு புதிய வழி வைப்பவர் அதே பேட்சில் அதற்கான எண்ணையும் பிரித்துவிட வேண்டும்.

4. வடிவம்: ஒரு வரிக்கு ஒரு பெயர், ஓர் எண். ப்ராசஸின் ஸ்டாட் கோப்பு போல இடத்தை வைத்துப் புலத்தை அறியும் வடிவம் வேண்டாம். அதில் இரண்டாம் புலமான நிரல் பெயருக்குள் இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம் என்பதால், இடைவெளியில் வெட்டும் நிரல்கள் இன்றும் உடைகின்றன.

5. படிப்பவர் பக்கத்து ஒப்பந்தம்: வரியைப் பெயரால் தேட வேண்டும், முழுப் பெயரால், தெரியாத வரியைத் தாண்டிப் போக வேண்டும், எதிர்பார்த்த வரி இல்லையென்றால் பூஜ்யம் என்று எடுக்காமல் ‘இல்லை’ என்றே காட்ட வேண்டும்.

## பெயர் மாறும்போதும் எண் சாகும்போதும்

4.8-ல் எல்ஆர்யு பட்டியல்கள் ஸோனிலிருந்து நோடுக்கு நகர்ந்தன. ஸோன் வாரியாக இருந்த பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி_நார்மல் போன்ற வரிகள் ஒன்றாகி, பின்னொட்டு மறைந்தது. அதே பதிப்பில், நேரடி மீட்பில் நுழைந்த முறைகளை எண்ணும் ஒற்றை வரியாக இருந்த அலாக்ஸ்டால், ஸோன் வாரியாகப் பிரிந்தது. ஒன்று சேர்ந்தது, ஒன்று உடைந்தது. இரண்டையும் பழைய பெயரில் தேடிய கருவிகள் பூஜ்யம் காட்டத் தொடங்கின. பெயரில் உள் அமைப்பைச் செதுக்கினால் அமைப்பு மாறும் நாளில் இது நடந்தே தீரும். ‘ஒதுக்கீட்டுக்காக ஒரு டாஸ்க் நேரடி மீட்பில் நுழைந்தது’ என்ற நிகழ்வு ஸோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. பெயர் அந்த அளவில் நின்றிருக்கலாம்.

அளக்கும் பொருளே கர்னலிலிருந்து நீங்கிவிட்டால்? என்ஆர்_அன்ஸ்டேபிள் என்பது என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்பு முறைமை) சர்வருக்கு அனுப்பி, நிலையாக எழுதப்பட்டதென்று உறுதி வராத பக்கங்களின் எண்ணிக்கை. அந்தத் தனிக் கணக்கு நீக்கப்பட்டது. வரி நீக்கப்படவில்லை. விஎம்ஸ்டாட்டின் எல்லா எண்களையும் அச்சிட்டு முடித்த பிறகு, கடைசியில் ‘என்ஆர்_அன்ஸ்டேபிள் 0’ என்று ஒரு நிலையான சரத்தைக் கர்னல் எழுதுகிறது. அதன் மேலே உள்ள குறிப்பு, இந்த வரியை நம்பியிருக்கும் நிரல்கள் உடையக் கூடாது என்கிறது.